இடம் நலம், வழி பழுது: அப்பாவின் மூளை ஸ்கேன் சொல்வது என்ன?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. ஓய்வு பெற்ற கணக்கர். இருபது வருடமாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஒரு வருடமாக வீட்டுக் கணக்கை முடிக்கத் திணறுகிறார். எதைக் கேட்டாலும் பதில் வர நேரமாகிறது. பெயர்கள் மறக்கின்றன, ஆனால் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் சட்டென்று சொல்லிவிடுகிறார். எம்.ஆர்.ஐ. அறிக்கையில், மூளைப் புறணி (மேலடுக்கு) இயல்பு, ஹிப்போகாம்பஸ் (நினைவைப் பதியும் பகுதி) சுருங்கவில்லை, வெண்பொருளில் மாற்றங்கள் ஃபசேகாஸ் 2, தலாமஸில் (மூளையின் நடுவிலுள்ள செய்தி மையம்) பழைய சிறு லாக்யூன் (சிறு தமனி அடைபட்டு விழுந்த குழி) ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். நினைவுக்கான இடம் நன்றாக இருக்கிறதென்றால் மறதி எங்கிருந்து வருகிறது? மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் குரங்கு ஆய்வுகளிலிருந்து வந்தது என்று படித்தேன். அது மனிதருக்குப் பொருந்துமா? நரம்பிழைப் பாதைகளை வண்ணத்தில் காட்டும் கூடுதல் ஸ்கேன் ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் ஸ்கேன் அறிக்கையைவிட முக்கியமான வரி ஒன்று இருக்கிறது. முதல் எழுத்தைக் கொடுத்தால் பெயர் வந்துவிடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் பெயர் அழியவில்லை. இருக்கும் இடத்தில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து வரும் வழிதான் தடுமாறுகிறது. அறிக்கையும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. ஹிப்போகாம்பஸ் நலம், புறணி நலம், பழுது வெண்பொருளில். நீங்கள் முரண்பாடாகப் பார்த்தது உண்மையில் ஒன்றுக்கொன்று பொருந்துகிற இரண்டு சான்றுகள்.

வெண்பொருள் என்பது ஒரு பகுதியின் நரம்பணுக்களிலிருந்து கிளம்பி இன்னொரு பகுதிக்குப் போகும் நீண்ட இழைகளின் கட்டு. இழைகளைச் சுற்றியுள்ள மையலின் என்ற கொழுப்புறைதான் அந்த வெண்மைக்குக் காரணம். உறையின் வேலை வேகம். உறையுள்ள, ஒரு மைக்ரான் தடிமனுள்ள இழையில் செய்தி விநாடிக்குச் சுமார் 6 மீட்டர் ஓடும், 10 செ.மீ. தூரத்தைக் கடக்க 17 மில்லி விநாடி போதும். உறையில்லாத மெல்லிய இழையில் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதே தூரத்துக்கு 200 மில்லி விநாடி ஆகும். ஒரு கூட்டல் கணக்கை மனதில் போடும்போது நெற்றிக்குப் பின்னுள்ள நெற்றிமடலுக்கும் மற்றப் பகுதிகளுக்கும் இடையே செய்தி பலமுறை போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமானால், அதிலும் சில இழைகள் தாமதமாகிச் சில தாமதமாகாமல் இருந்தால், ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டிய செய்திகள் முன்னும் பின்னுமாக வருகின்றன. அப்பாவின் மந்தம் அறிவு குறைந்ததன் அடையாளம் அன்று என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

ஏன் அந்த இடம் மட்டும் கெடுகிறது? ஆழத்திலுள்ள வெண்பொருளுக்கு ரத்தம் கொண்டுபோவது நீண்ட, மெல்லிய, துளைத்துச் செல்லும் தமனிகள். பக்கத்துத் தமனி வந்து கைகொடுக்கும் ஏற்பாடு அங்கே மிகக் குறைவு. பல வருட ரத்த அழுத்தத்தில் அவற்றின் சுவர் தடித்து உள்விட்டம் குறுகுகிறது, சர்க்கரை அதைத் துரிதப்படுத்துகிறது. ரத்தம் போதாமல் மையலின் மெலிந்த இடங்கள் ஸ்கேனில் வெண்திட்டுகளாகத் தெரிகின்றன. ஃபசேகாஸ் அளவு 0 முதல் 3 வரை. 2 என்றால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன. 'வயதுக்கு ஏற்றதுதான்' என்று ஒதுக்கிவிட வேண்டிய அளவன்று இது.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. இடம் நன்றாயிருந்தும் இணைப்பு போனால் வேலை போகுமா? இதை நோயாளிகளை வைத்து மட்டும் நிரூபிப்பது கடினம். பக்கவாதம் இடத்தையும் இழையையும் சேர்த்தே அழிக்கும். அதனால்தான் குரங்கு ஆய்வு தேவைப்பட்டது. அதில் கையாளப்பட்ட உத்தியைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் விளங்கும்.

மூளை இரட்டை. எல்லாப் பகுதியும் இடது ஒன்று, வலது ஒன்று. 'அ', 'ஆ' என்ற இரண்டு பகுதிகள் சேர்ந்துதான் ஒரு வேலையைச் செய்கின்றனவா என்று அறிய வேண்டும். இடப்பக்கத்தில் 'அ'வை மட்டும் எடுக்கிறார்கள், வலப்பக்கத்தில் 'ஆ'வை மட்டும். இப்போது குரங்கிடம் ஒரு முழு 'அ'வும் ஒரு முழு 'ஆ'வும் இருக்கின்றன, ஆனால் எதிரெதிர்ப் பக்கங்களில். பிறகு இரு பாதிகளையும் இணைக்கும் பெரும் பாலமான கார்ப்பஸ் கலோசத்தைத் துண்டித்தால் இரண்டும் ஒன்றோடொன்று பேச வழியில்லை. ஒப்பீட்டுக்கு, வேறு குரங்குகளில் 'அ', 'ஆ' இரண்டையும் ஒரே பக்கத்தில் எடுக்கிறார்கள். எடுத்த திசுவின் அளவு இரு குழுவிலும் ஒன்றுதான். ஆனால் இரண்டாம் குழுவுக்கு மறுபக்கத்தில் முழு இணைப்பும் மிஞ்சியிருக்கிறது. முதல் குழு தோற்று இரண்டாம் குழு தேர்ந்தால், குற்றவாளி துண்டிக்கப்பட்ட இணைப்பு மட்டுமே. இதைக் குறுக்குத் துண்டிப்பு என்று சொல்லலாம்.

1966இல் மார்ட்டிமர் மிஷ்கின் பின்தலையின் முதல் காட்சிப் பகுதிக்கும் காதருகே உள்ள பொட்டுமடலின் கீழ்ப்பகுதிக்கும் இடையே இதைச் செய்து காட்டினார். பாலம் இருந்தவரை காட்சிச் செய்தி மறுபக்கமாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. பாதிப்பு லேசாகவே இருந்தது. பாலமும் போனபோது குரங்குகள் பொருள்களை வேறுபடுத்தி அறிவதில் கடுமையாகத் தடுமாறின. பார்வை இருந்தது, பொருளை அறியும் பகுதியும் ஒரு பக்கம் இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு மட்டும் இல்லை.

உங்கள் கேள்விக்கு இன்னும் நேரான விடை 2001இல் டேவிட் கஃபானும் கூட்டாளிகளும் செய்த ஆய்வில் இருக்கிறது. அவர்கள் ஹிப்போகாம்பஸையோ கீழ்ப் பொட்டுமடல் புறணியையோ எடுக்கவில்லை. பொட்டுமடலை மூளையின் மற்றப் பகுதிகளோடு இணைக்கும் மூன்று தடங்களைத் துண்டித்தார்கள்: ஃபோர்னிக்ஸ் என்ற வளைந்த கட்டு, உணர்ச்சிக்கான அமிக்டலா என்ற பகுதி வழியாகச் செல்லும் பாதை, முன் பொட்டுத்தண்டு என்ற வெண்பொருள் கட்டு. விளைவு ஆழ்ந்த மறதி. நினைவுக்கான இடம் என்று பாடநூல் குறித்துக் காட்டுகிற திசு அப்படியே இருந்தது.

உங்கள் அப்பாவின் 'முதல் எழுத்து' விஷயத்துக்கு மிக நெருங்கி வருவது டோக்கியோவில் யாசுஷி மியாஷிதாவின் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வு. குரங்குகளுக்குப் படங்களை ஜோடி ஜோடியாகப் பழக்கினார்கள். ஒன்றைக் காட்டினால் அதன் துணையைத் தேர வேண்டும். பிறகு பாலத்தின் பின்பகுதியை மட்டும் துண்டித்தார்கள். காட்சிச் செய்தி இனி ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு நேராகப் போகாது, ஆனால் நெற்றிமடல்களை இணைக்கும் முன்பகுதி திறந்திருந்தது. படத்தை ஒரு பாதிக்கு மட்டும் தெரியும்படி காட்டினால், எதையுமே பார்க்காத மறுபாதியின் பொட்டுமடல் நரம்பணுக்களும் விழித்தன. நேராகப் பார்த்த பாதியைவிட அவை 100 மில்லி விநாடி அளவு பிந்தி விழித்தன. செய்தி நெற்றிமடல் வழியாகச் சுற்றி வந்திருக்கிறது. பாலத்தின் முன்பகுதியையும் துண்டித்ததும் அந்த மீட்பு நின்றுபோனது.

ஆக, நெற்றிமடல் பொட்டுமடலைக் கூப்பிட்டு 'அதை எடு' என்கிறது. அந்தக் கூப்பாடு பலவீனமானால் நினைவு தானாக மேலே வராது. நீங்கள் முதல் எழுத்தைச் சொல்லும்போது அந்தக் கூப்பாட்டின் வேலையை வெளியிலிருந்து செய்கிறீர்கள். அது மட்டுமே நடக்கிறது என்று அறுதியிடவில்லை, ஆனால் அப்பாவின் அறிக்கைக்கும் அறிகுறிகளுக்கும் பொருந்தும் விளக்கம் இதுதான்.

இந்தத் துறை தன்னைத் தானே திருத்திக்கொண்ட ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். கண்குழிக்கு மேலே உள்ள நெற்றிமடல் பகுதியை உறிஞ்சி எடுத்தால் குரங்குகள் பழைய விதி மாறியதும் புது விதிக்கு மாற முடியாமல் பழையதையே பிடித்துக்கொள்ளும் என்பது பல பத்தாண்டுகளாகப் பாடம். 2013இல் பீட்டர் ருடெபெக், எலிசபெத் மர்ரே குழு அதே பகுதியில் வேதிப்பொருளைச் செலுத்தியது. அது அங்குள்ள அணுக்களை மட்டும் கொல்லும், வழியே கடந்துபோகும் இழைகளை விட்டுவிடும். குரங்குகள் விதி மாற்றத்தை நன்றாகவே சமாளித்தன. பகுதியின் பின்னோரத்தில் ஒரு மெல்லிய பட்டையை மட்டும் உறிஞ்சி எடுத்து இழைகளை வெட்டியபோது பழைய குறைபாடு திரும்பியது. அந்த இடத்தின் வேலை என்று அத்தனை காலம் நம்பியதில் ஒரு பங்கு, அதன் அடியில் ஓடிய இழைகளின் வேலை. அந்த இடத்துக்குச் சொந்த வேலையும் இருக்கிறது: ஓர் உணவு தெவிட்டிய பிறகு அதன் மதிப்பைக் குறைத்துப் பார்ப்பது. அதற்கும் அமிக்டலாவின் துணை வேண்டும் என்று 2000இலேயே குறுக்குத் துண்டிப்பில் கண்டிருந்தார்கள். 'இந்த இடம் கெட்டது, ஆகவே இந்த வேலை போனது' என்று யாராவது சுலபமாகச் சொன்னால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மனிதருக்குப் பொருந்துமா? பெரும்பகுதி பொருந்தும், எல்லாமும் அன்று. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் செம்முகக் குரங்கின் மூளை சுமார் 90 கிராம், நம்முடையது 1,300 கிராமுக்கு மேல். மொழிக்கு உதவும் வில்வடிவ இழைக்கட்டு மனிதரிடம் பொட்டுமடலுக்குள் வெகுதூரம் பரவியிருக்கிறது. குரங்கில் அது அற்பம். ஆகவே பேச்சு பற்றிக் குரங்கிடமிருந்து கற்கக்கூடியது குறைவு. நினைவை மீட்டல், கவனம், விதி மாற்றம் ஆகியவற்றுக்கான தடங்கள் பெரும்பாலும் பொது. மனிதரிலும் இத்தகைய துண்டிப்பு பழங்காலந்தொட்டுத் தெரிந்ததே. 1892இல் பிரெஞ்சு மருத்துவர் டெஜரீன் விவரித்த நோயாளி எழுதுவார், தாம் எழுதியதைத் தம்மால் படிக்க முடியாது. காட்சிச் செய்தி மொழிப் பகுதிக்குப் போகும் வழி அறுந்திருந்தது.

முதுமையைப் பொறுத்தவரை குரங்குச் சான்று இன்னும் நெருக்கமானது. பாஸ்டனில் ஆலன் பீட்டர்ஸ் குழு முதிய செம்முகக் குரங்குகளின் மூளையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தது. வயதாக ஆக அணுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்திருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, புறணியில் அணு எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. மையலின் உறைதான் பிளந்தும் உப்பியும் கிடந்தது. உறைச் சிதைவு கூடிய குரங்குகள் சோதனைகளிலும் பின்தங்கின. அதே நகரில் இன்னொரு குழு நெஞ்சுப் பெருந்தமனியைச் சுருக்கி நாள்பட்ட உயர் ரத்த அழுத்தத்தைக் குரங்குகளுக்கு உண்டாக்கியது. கவனமும் நினைவும் குறைந்தன. மூளையில் ரத்தம் எட்டாமல் செத்த நுண்ணிய காயங்கள் சிதறிக் கிடந்தன. உங்கள் அப்பாவின் கதையின் விலங்கு வடிவம் இது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆய்வில் ஒரு தடத்தை முழுதாக வெட்டுகிறார்கள். அப்பாவிடம் பல தடங்களில் சிறு சிறு காயங்கள். பிரான்சின் லியோனில் ஹென்றி கென்னடி குழு 2014இல் வெளியிட்ட கணக்குப்படி, குரங்குப் புறணியின் 29 பகுதிகளுக்கிடையே இருக்கக்கூடிய இணைப்புகளில் 66 சதவீதம் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றின் வலிமையோ லட்சம் மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. மாற்று வழிகள் இருப்பதால் வேலை முற்றாக நிற்பதில்லை. பெருவழி கெட்டுச் சந்துகளில் செல்லும்போது நேரமாகிறது, களைப்பு சீக்கிரம் வருகிறது, இரண்டு வேலை சேர்ந்தால் குழம்புகிறது.

தலாமஸில் உள்ள லாக்யூன் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்காக அதை அலட்சியப்படுத்த வேண்டாம். நெற்றிமடலிலிருந்து மூளையின் ஆழத்திலுள்ள அடிமூளை முடிச்சுகளுக்கு, அங்கிருந்து தலாமஸுக்கு, மீண்டும் நெற்றிமடலுக்கு என்று இணைச் சுற்றுகள் ஓடுகின்றன. 1986இல் அலெக்சாண்டர், டிலாங், ஸ்டிரிக் மூவரும் குரங்குச் சான்றுகளைக் கொண்டு ஐந்து சுற்றுகளை வரைந்து காட்டினார்கள். புறணியில் பெரிதாக விரிந்து கிடக்கும் சுற்று தலாமஸில் ஒடுங்கி ஒரு சிறு இடத்தினூடே போகிறது. அங்கே சின்னக் காயம் பட்டாலும் நெற்றிமடலே கெட்டதுபோல் அறிகுறி காட்டும்.

வண்ண ஸ்கேனுக்கு என் பதில்: வேண்டாம். அந்த முறை இழைகளைப் பார்ப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எளிதாக நகர்கின்றன என்பதை அளந்து, அதிலிருந்து கணினி கோடுகளை வரைகிறது. ஏறத்தாழ 2 மி.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரம்தான் அதன் சிறு அலகு. அதற்குள் லட்சக்கணக்கான இழைகள். இரண்டு கட்டுகள் குறுக்கே கடக்கின்றனவா, உரசித் திரும்புகின்றனவா என்பதை அது பிரித்தறியாது. செய்தி போகும் திசையும் தெரியாது. 2017இல், விடை முன்கூட்டியே தெரிந்த செயற்கைத் தரவை 20 ஆய்வுக் குழுக்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, உண்மையான கட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் இல்லாத கட்டுகளை அதைவிட அதிகமாக வரைந்தார்கள். மூளைக் கட்டி அறுவைக்கு முன் இது பயன்படும். அப்பாவின் சிகிச்சையில் எதையும் மாற்றாது. அந்தப் பணத்தைச் செலவிடுவதற்கு முன், எடுத்த எம்.ஆர்.ஐ.யில் எஸ்.டபிள்யு.ஐ. என்ற வரிசை இருக்கிறதா என்று கேளுங்கள். நுண்ணிய ரத்தக்கசிவுகள் அதில்தான் தெரியும். ஆஸ்பிரின் போன்ற மருந்து கொடுப்பதா என்ற முடிவுக்கு மருத்துவருக்கு அது உதவும். நீங்களாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். நோயைத் தீர்மானிக்க அன்று, மருத்துவரிடம் சொல்ல. காலையில், வயிறு நிறைந்திருக்கும்போது, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ஐந்து சொற்களைச் சொல்லுங்கள்: மல்லிகை, சுத்தியல், இட்லி, மயில், ரயில். திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். பத்து நிமிடம் வேறு பேச்சு. பிறகு கேளுங்கள், வராத சொல்லுக்கு 'ஒரு பூ' என்பதுபோல் இனத்தைச் சொல்லுங்கள், அதற்கும் வராவிட்டால் மூன்று பூக்களின் பெயரைச் சொல்லித் தேரச் சொல்லுங்கள். மூன்று நிலைகளையும் தனித்தனியாகக் குறியுங்கள். குறிப்பு கொடுத்ததும் வந்துவிட்டால் மீட்பில் குறை. குறிப்பும் தேர்வும் உதவாமல் 'நீ அப்படி ஒரு சொல்லே சொல்லவில்லை' என்றால் பதிவிலேயே குறை. அல்சைமர் பக்கம் யோசிக்க வேண்டியது அப்போது. இந்த வயதில் இரண்டும் சேர்ந்திருப்பதும் சாதாரணம், எனவே எல்லையைக் கறாராகப் போட முடியாது. அடுத்து, காகிதத்தில் எண்களையும் எழுத்துகளையும் சிதறி எழுதி 1, அ, 2, ஆ, 3, இ என்று மாற்றி மாற்றிக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். எங்கே நின்றுவிடுகிறார், 1, 2, 3 என்று நழுவுகிறாரா என்று பாருங்கள்.

ரத்த அழுத்தத்தை ஏழு நாள், காலையும் மாலையும் அளவிடுங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கை நெஞ்சளவில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. முதல் நாள் அளவை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். 135/85க்கு மேல் இருந்தால் மருந்து போதவில்லை. எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒருமுறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீண்டகாலச் சர்க்கரையில் இது வரும், அழுத்தத்தை இன்னும் இறக்கினால் விழுந்துவிடுவார். 2019இல் வெளியான ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வில், மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில் நான்கு வருடத்தில் வெண்திட்டுகள் 0.92 கன செ.மீ. கூடின, 140க்குக் கீழே போதும் என்ற குழுவில் 1.45. திட்டு மறையவில்லை, வளர்ச்சி குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. எனவே அப்பாவுக்கு 120ஐ இலக்காக நீங்களே வைத்துக்கொள்ளாமல் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

பி12 அளவைப் பார்க்காமல் விடாதீர்கள். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் பி12 குறைவது நன்கு தெரிந்த விஷயம், மையலினைக் காக்க அந்த வைட்டமின் வேண்டும், அதுவோ ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகும் குறை. தைராய்டையும் பாருங்கள். சளி மாத்திரையில் வரும் குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ கொடுத்த அமிட்ரிப்டிலின் போன்றவை நினைவை மங்கச் செய்யும். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். குறட்டை பலமாக இருந்து இடையில் மூச்சு நிற்கிறதென்றால் அதையும் சொல்லுங்கள்.

கணக்கை அவரிடமிருந்து பிடுங்கிவிட வேண்டாம். படிகளைக் காகிதத்தில் எழுதி, ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் செய்யட்டும். கேள்வி கேட்டால் பத்து விநாடி காத்திருங்கள். அவர் தேடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பதில் சொன்னால் பாதி வழியில் வந்த செய்தி கலைந்துபோகும். வங்கிப் பணப் பரிமாற்றத்தில் மட்டும் இரண்டாவது ஆள் பார்ப்பது என்று வையுங்கள். நடை குறும்படியாக மாறினாலோ சிறுநீர் அவசரம் புதிதாக வந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம். வாய் கோணுவது, கை சரிவது, பேச்சு குழறுவது திடீரென்று வந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

மருத்துவரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: லாக்யூன் தலாமஸின் எந்தப் பகுதியில்? முன்பகுதி என்றால் ஃபோர்னிக்ஸ் வழி வரும் நினைவுச் சுற்று அங்கேதான் கடக்கிறது. உட்பகுதி என்றால் நெற்றிமடல் சுற்று. வெளிப்பக்கக் கீழ்ப்பகுதியாக இருந்தால் அது அசைவுக்கும் தொடு உணர்வுக்குமான வழி, அப்பாவின் மறதிக்கு அதன்மேல் பழிபோட முடியாது. அப்போது வெண்திட்டுகளையும் பி12ஐயும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.